கல்லிடைக்குறிச்சி வீட்டில் குரோனோ டிரிகர்

குரோனோ டிரிகர் என்ற வீடியோ கேமைச் செய்தவர்கள் அதை ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடுவதற்காகத்தான் செய்தார்கள். ஒரு கன்ட்ரோலர், ஒரு ஆள், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் தனியாக ஆடியதே கிடையாது. கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மை வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்த பழக்கம், இப்போது பாளையங்கோட்டையில் என் தம்பி மகளோடு தொடர்கிறது. கூடி ஆடினால்தான் இந்த ஆட்டத்தின் முழு அழகும் தெரியும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன், எப்படிக் கூடி ஆடுகிறோம் என்பதைச் சொல்கிறேன். பிள்ளைகளோடு ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்காக இதை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போனது. ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா மூன்று பேரும் இதற்காக ஒன்றுசேர்ந்தார்கள். அன்றைக்கு ஃபைனல் ஃபேன்டசியும் டிராகன் குவெஸ்ட்டும் போட்டி நிறுவனங்களின் ஆட்டங்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்தது பெரிய விஷயம். கதை என்னவென்றால், குரோனோ என்ற பையனும் அவன் கூட்டாளிகளும் காலம் விட்டுக் காலம் போகிறார்கள். கி.மு. ஆறரைக் கோடி, கி.மு. 12000, கி.பி. 600, 1000, 2300 என்று. 1999இல் லாவோஸ் என்ற உயிர் பூமிக்குள்ளிருந்து எழுந்து உலகத்தை அழித்துவிடும் என்று தெரிந்துகொள்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டும்.

எங்களுக்கு அது கிடைத்தது பெரியப்பாவால். மஸ்கட்டில் வேலை பார்த்த அவர், ஒரு விடுமுறைக்கு வரும்போது பிளேஸ்டேஷனும் சில வட்டுகளும் கொண்டுவந்தார். அதில் 2001இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டசி குரோனிக்கிள்ஸ் இருந்தது. அதற்குள் ஒரு வட்டு குரோனோ டிரிகர். அந்தக் காலத்தில் நெல்லையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆடவிடும் கடைகள் இருந்தன. அங்கே பையன்கள் மல்யுத்தமும் கார் பந்தயமும் சண்டை ஆட்டமும்தான் ஆடுவார்கள். மணிக்குக் காசு கொடுத்துவிட்டு யார் உட்கார்ந்து வசனம் படிப்பார்கள்? பெண்பிள்ளைகள் அந்தக் கடைக்குள் போவதும் வழக்கமில்லை. ஆகவே பெரியம்மை வீடு இல்லையென்றால் இப்படி ஒரு வகை ஆட்டம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

மே மாத லீவுக்கு நானும் தம்பியும் அங்கே போவோம். மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருக்கும், காக்கா வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வெயில் இறங்கி அப்பளத்தை எடுத்துவைத்த பிறகு டிவி எங்களுக்கு. அண்ணன், அதாவது பெரியம்மை மகன், தவளை வீரன் ஃப்ராக். நான் லுக்கா, இயந்திரங்கள் செய்கிற பெண். தம்பி குரோனோ. கன்ட்ரோலர் ஒன்றுதான். யாருடைய ஆளுக்கு முறை வருகிறதோ அவர் கைக்கு அது போகும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இந்த ஆட்டத்தில் சண்டை நடக்கும்போது நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் யோசித்துக்கொண்டிருந்தால் எதிரி அடித்துவிடுவான். அமைப்புகளுக்குள் போனால் ஆக்டிவ், வெயிட் என்று இரண்டு முறைகள் உண்டு. கூடி ஆடுகிறவர்கள் கட்டாயம் வெயிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நேரம் எப்போதும் நிற்காது. வித்தைப் பட்டியலையோ பொருள் பட்டியலையோ திறந்து வைத்திருக்கும்போதுதான் நிற்கும். ஆகவே முறை வந்ததும் முதலில் வித்தைப் பட்டியலைத் திற, அப்புறம் கன்ட்ரோலரைக் கைமாற்று. எங்கள் வீட்டில் இதுதான் முதல் சட்டம். சின்னப் பிள்ளைகள் பதற்றமில்லாமல் யோசித்து ஆட இது ஒன்றே போதும்.

இரண்டாவது சட்டம், காத்திருப்பது. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வித்தை, மூன்று பேர் சேர்ந்து செய்கிற வித்தை என்று உண்டு. இளவரசி மார்லின் பனியும் லுக்காவின் நெருப்பும் சேர்ந்தால் ஆன்டிபோட். குரோனோவும் ஃப்ராக்கும் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து வெட்டினால் எக்ஸ்-ஸ்ட்ரைக். முறை வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்டும் நேரப்பட்டை சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நிறைந்திருந்தால்தான் இது நடக்கும். முதலில் நிறைந்தவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தனியாக ஆடுகிறவனுக்கு இது வெறும் கணக்கு. மூன்று பேர் ஆடும்போது அப்படியில்லை. தம்பி மகளான என் மருமகள் மார்லாக ஆடுவாள், நான் லுக்கா. "அத்தை, எனக்கு நிறைஞ்சிட்டு, உனக்கு இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டு, எதிரி தன்னை அடித்துக்கொண்டிருக்கும்போதும் அழுத்தாமல் எனக்காகக் காத்திருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெரிய எதிரியை வீழ்த்தியதும் கூடத்தில் எழும் சத்தத்தில் பக்கத்து வீட்டு மைனி எட்டிப் பார்த்திருக்கிறார்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது என்று தயங்க வேண்டாம். அன்றைக்குத் தம்பிக்கும் வராது. நான் வசனத்தைப் படித்து எங்கள் பேச்சில் சொல்வேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்துக்கொள்வேன். இதில் எதிர்பாராத லாபம், ஆடாதவர்களும் கதைக்குள் வந்துவிடுவார்கள். பெரியம்மை பூக்கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில், "ஏட்டி, அந்தத் தவளை அண்ணாச்சிக்கு மனுச உருவம் திரும்ப வருமா வராதா?" என்று கேட்பாள். குரோனோ பேசவே மாட்டான், வசனமே கிடையாது. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்ப்போம். அந்த மௌனம் கூட்டத்துக்கு மிகவும் வசதி, எல்லாரும் அதற்குள் தங்கள் குரலை வைக்கலாம்.

கதை ஆரம்பிப்பது ஒரு திருவிழாவில். ராஜ்யத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா. கடைகள், பந்தயங்கள், மணிக்கூண்டு, கூட்டம். மருமகள் பார்த்ததும், "ஆனித் தேரோட்டத்துக்குப் பொருட்காட்சி போடுவாங்களே, அதேதான்" என்றாள். அங்கே சுற்றும்போது சின்னச் சின்ன விஷயங்கள் நடக்கும். ஒரு பெண் மேல், அவள்தான் மார்ல், மோதிக் கீழே விழுகிறோம், அவள் பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் பதக்கத்தை எடுக்கிறோமா, அவளிடம் போகிறோமா? ஒரு பெரியவர் தன் சாப்பாட்டை வைத்திருக்கிறார். யாரும் கேட்கமாட்டார்கள், எடுத்துச் சாப்பிடலாம். ஒரு சிறுமி பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். தேடிக் கொடுக்கலாம், கொடுக்காமல் போகலாம். ஆட்டம் ஒரு வார்த்தை சொல்லாது. கொஞ்ச நேரம் கழித்து, இளவரசியைக் கடத்தியதாகக் குரோனோ மேல் வழக்கு வரும்போது, அந்தப் பெரியவரும் அந்தச் சிறுமியும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருவார்கள். ஏழு பேர் கொண்ட நடுவர் குழு ஒவ்வொருவராக நடந்து வந்து குற்றவாளியா இல்லையா என்று நின்று காட்டும்.

1995இல் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய வியப்பு. மருமகள் அந்தச் சாப்பாட்டைச் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீதிமன்றத்தில் அந்தப் பெரியவர் வந்து நின்றதும் அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "அது அவர் சாப்பாடுன்னு எனக்குத் தெரியாதே அத்தை" என்றாள். பிள்ளைகளோடு ஆடுகிற பெரியவர்களுக்கு நான் சொல்வது, இந்த இடத்தில் முன்கூட்டி எதையும் சொல்லிவிடாதீர்கள். எச்சரிக்கை செய்தால் அந்த நீதிமன்றம் வெறும் காட்சியாகிவிடும். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் ஆட்டம் கெட்டுப்போகாது, இரண்டு வழியிலும் குரோனோ சிறைக்குத்தான் போவான். அதற்குப் பிறகு அவள் எந்த ஊருக்குள் போனாலும் எல்லார் வீட்டுக்கும் போய்ப் பேசிவிட்டுத்தான் நகர்கிறாள்.

கதையின் பின்பாதியிலும் இந்தக் கவனம் தொடர்கிறது. நிலாக்கல் ஒன்றை ஆதிகாலத்துக் குகையில் வைத்தால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயில் குடித்துச் சூரியக்கல்லாக மாற வேண்டும். நடுவில் கி.பி. 1000இல் யாரோ எடுத்துவிடுகிறார்கள். எடுத்தவர் ஒரு ஊர்த்தலைவர், பெரிய கஞ்சர், கொடுக்க மாட்டார். என்ன செய்வது? 400 ஆண்டு பின்னால் போய், அந்த வீட்டில் அப்போது இருக்கும் பெண்ணுக்கு அவள் ஆசைப்படுகிற உப்புக்கண்டத்தைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். அவள் அந்த நல்ல குணத்தைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். திரும்பி வந்தால் ஊர்த்தலைவர் தாராளமான மனிதர், கல்லைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். காசு வாங்குவதா வேண்டாமா என்று அண்ணனும் தம்பியும் அன்றைக்குப் போட்ட சண்டையைப் பெரியம்மைதான் தீர்த்து வைத்தாள். சாப்பிடுகிற பண்டத்துக்குப் போய்க் காசு வாங்குவார்களா என்று அதட்டினாள். அவள் சொன்னதுதான் சரியான விடை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ரோபோவின் காடு. பாலைவனமாகப் போகும் ஒரு நிலத்தைக் காடாக்க ஃபியோனா என்ற பெண் பாடுபடுகிறாள். அவள் ஒருத்தியின் ஆயுள் போதாது. எந்திர மனிதனான ரோபோ, நான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கி.பி. 600இல் தங்கிவிடுகிறான். நாம் காலம் தாண்டும் பறக்கும் வண்டியில் 1000க்குப் போக ஒரு நொடி. அவனுக்கு அது 400 ஆண்டு உழைப்பு. போய்ப் பார்த்தால் பசுமையான காடு, நடுவில் ஒரு கோயில், உள்ளே ஓடாமல் நின்றுபோன ரோபோ. அவனைப் பழுதுபார்த்து எழுப்புகிறோம். அன்றிரவு காட்டுக்குள் தீ மூட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். இதை ஆடிய சில வாரத்தில் மருமகளின் பள்ளியில் பிள்ளைகளைக் குளக்கரையில் பனை விதை போடக் கூட்டிப் போனார்கள். பனை பலன் தர 15, 20 வருடம் ஆகும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வந்து அவள் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்த ரோபோ மாதிரி யாராவது அங்க இருக்கணும்லா?" அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவள் அப்பா அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

அதே இரவில்தான் லுக்காவின் கதையும் வருகிறது. எல்லாரும் தூங்கிய பிறகு அவள் முன்னால் ஒரு வாசல் திறக்கிறது. அது அவளைச் சிறுவயதுக்குக் கொண்டுபோகிறது. அம்மாவின் ஆடை இயந்திரத்தில் சிக்கிக் கால் போன அந்த நாள். இயந்திரத்தை நிறுத்த ஒரு ரகசியச் சொல் வேண்டும். அது அம்மாவின் பெயர், லாரா. பழைய சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரில் எல், ஏ, ஆர், ஏ பொத்தான்களை அந்த வரிசையில் அழுத்த வேண்டும். நேரத்துக்குள் செய்யாவிட்டால் அம்மாவைக் காப்பாற்ற முடியாது. ஆட்டம் அப்படியே தொடரும், பழையபடி அம்மாவால் நடக்க முடியாது. அந்த வீட்டுக்குள் இருக்கும் குறிப்புகளை நிதானமாகப் படித்தபின் இயந்திரத்தின் பக்கம் போங்கள். அப்படிச் செய்தால் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போங்கள். கதை நடுவில், சீல் ராஜ்யத்தின் கடலடி மாளிகையில், குரோனோ இறந்துபோகிறான். நண்பர்களைக் காப்பாற்ற லாவோஸ் முன்னால் தனியாக எழுந்து நிற்கிறான், அவ்வளவுதான், கரைந்துபோகிறான். முதன்மைப் பாத்திரம் செத்தபிறகும் ஆட்டம் நடக்கிறது. தனியாக ஆடுகிறவர் வேறு ஆளை முன்னால் வைத்துக்கொண்டு போய்விடலாம். எங்கள் கூடத்தில் குரோனோ என்றால் தம்பி. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். அவனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். ரோபோவைத் தருகிறோம் என்று சொல்லியும் இரண்டு நாள் திரும்பி வரவில்லை. அண்ணன்தான் போய், "லே, அவனத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கும் போல, நீ இல்லாம நாங்க எப்படிப் போக?" என்று கூட்டிவந்தான்.

வழி உண்டு. காலத்தின் முடிவு என்ற இடத்தில் இருக்கும் கிழவர் ஒரு முட்டை தருவார். அந்த முட்டையின் பெயர்தான் குரோனோ டிரிகர். குரோனோவைப் போலவே இருக்கும் ஒரு பொம்மையைத் திருவிழாக் கூடாரத்தில் ஜெயித்து வாங்கி, மரணச் சிகரம் என்ற பனிமலை ஏற வேண்டும். கட்டாயமில்லை, குரோனோ இல்லாமலேயே கதையை முடிக்கவும் ஆட்டம் விட்டுவிடுகிறது. கட்டாயமில்லாததால்தான் அந்த மலையை ஏறுவதற்கு அத்தனை அர்த்தம். மலைக்கு மார்லைக் கூட்டிப் போங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். உச்சியில் அவளும் அவனும் சந்திக்கும் காட்சி ஒன்று அப்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். கூட்டமாக ஆடும்போது இந்தக் கட்டத்தை ஒரே மூச்சில் முடிக்கும்படி நேரம் ஒதுக்குங்கள். குரோனோவை வைத்திருப்பவர் சின்னப் பிள்ளையாக இருந்தால் அடுத்த வாரம் வரைக்கும் காக்க வைப்பது நியாயமில்லை.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் அண்ணன் கோபித்துக்கொள்வான். யசுனோரி மிட்சுடா அதுவரை ஸ்கொயரில் ஓசைகள் செய்துகொண்டிருந்தவர். இசையமைக்க வாய்ப்புத் தராவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சகாகுச்சியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கினார். ராத்திரி பகல் பாராமல் உழைத்ததில் வயிற்றில் புண் வந்து படுத்துவிட, மீதியை ஃபைனல் ஃபேன்டசிக்கு இசையமைத்த நொபுவோ உஎமட்சு முடித்துக்கொடுத்தார். வானத்தில் மிதக்கும் சீல் ராஜ்யத்துக்குள் முதல் தடவை நுழையும்போது ஒலிக்கும் இசைக்காகவே ஐந்து நிமிடம் நடக்காமல் நிற்போம். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டு அணிகள் அணிவகுத்து வரும்போது ஃப்ராக்கின் இசையும் ரோபோவின் இசையும் ஒலித்தன. நாங்கள் மூவரும் மூன்று ஊரில் இருந்தோம். போன் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருந்தது. 2024 மார்ச்சில் தொரியாமா காலமான செய்தி வந்த வாரம் மறுபடி ஆட்டத்தைப் போட்டு, அவர் வரைந்த முகங்களை ஒவ்வொன்றாக மருமகளுக்குக் காட்டினேன்.

இனி சில உபயோகமான குறிப்புகள். முதல் தடவை ஆடும்போது கடலடி மாளிகை முடியும்வரை வழிகாட்டிக் குறிப்பு எதையும் பார்க்காதீர்கள். அதுவரை கதை ஒரே பாதையில்தான் போகும், தொலைந்துபோக வழியில்லை. பறக்கும் வண்டி கிடைத்தபிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம். அப்போது திணறினால் காலத்தின் முடிவில் இருக்கும் அந்தக் கிழவரிடம் பேசுங்கள், எந்தக் காலத்தில் யாருக்கு என்ன உதவி தேவை என்று குறிப்பாகச் சொல்வார். அந்தக் கிளைக்கதைகளை விட்டுவிட்டு நேராக லாவோஸிடம் ஓடுகிறவர்கள் இந்த ஆட்டத்தின் பாதியைப் பார்க்காமல் போகிறார்கள்.

கறுப்பு நிறத்தில் பூட்டிய பெட்டிகள் சில இடங்களில் இருக்கும். மார்லின் பதக்கம் சக்தி பெற்றபிறகுதான் திறக்கும். கி.பி. 600இல் அப்படி ஒரு பெட்டியைத் தொட்டால், எடுக்கவா வேண்டாமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1000க்குப் போய் அதே பெட்டியைத் திறந்தால், 400 ஆண்டு வீரியம் ஏறிய பொருள் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி 600க்குப் போய்ப் பழையதையும் எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே 600இல் எடுத்துவிட்டால் 1000இல் பெட்டி காலிதான். அவசரப்படுகிற பிள்ளைகளிடம் இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

சேமிப்பு இடங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக மேகஸ் என்ற மந்திரவாதி கடற்கரை முனையில் தனியாக நிற்கும் இடத்துக்கு முன்னால். அவனோடு சண்டையிடலாம், அல்லது மன்னித்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இந்த முடிவைக் கை தூக்கித்தான் எடுப்போம். ஃப்ராக்கின் நண்பனைக் கொன்றவன் அவன். ஆகவே எங்கள் வீட்டில் ஃப்ராக்காக ஆடுகிறவருக்கு இரண்டு ஓட்டு. சேர்த்துக்கொண்டால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இருவர் சேர்ந்து செய்கிற வித்தை எதுவும் அவனுக்குக் கிடையாது. தனியாக அடிப்பான், பலமாக அடிப்பான்.

எதில் ஆடுவது என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் அன்றைக்கு ஆடிய பிளேஸ்டேஷன் பதிப்பில் அழகான அனிமேஷன் காட்சிகள் உண்டு. ஆனால் சண்டைக்கும் பட்டியலுக்கும் ஒவ்வொரு தடவையும் வட்டு ஓடி முடியக் காத்திருக்க வேண்டும். இப்போது போனிலும், கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் கிடைக்கிறது. ஒருதடவை காசு கொடுத்து வாங்கினால் போதும், நடுவில் விளம்பரமோ கூடுதல் கட்டணமோ இல்லை. 2018இல் ஸ்டீமுக்கு வந்தபோது படங்கள் போன் பதிப்பைப் போல மழுங்கலாக இருந்தன. ரசிகர்கள் குறை சொன்னதும் அடுத்தடுத்த மாதங்களில் பழைய தோற்றத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதியைக் கொடுத்துச் சரிசெய்தார்கள். கூடி ஆட கணினிதான் நல்லது. டிவியோடு எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்து, ஒரு கன்ட்ரோலர் வைத்துக்கொண்டால் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். போனில் ஆடினால் வசனத்தைப் பத்துப் பேர் எட்டிப் பார்க்க முடியாது.

முடித்தபிறகு நியூ கேம் பிளஸ் என்று ஒன்று வரும். சம்பாதித்த பலத்தோடு கதையை முதலிலிருந்து தொடங்கலாம். அந்தப் பெயரை உலகம் முழுக்கப் பரப்பியதே இந்த ஆட்டம்தான். இதில் லாவோஸோடு எப்போது வேண்டுமானாலும் மோதலாம், எந்தக் கட்டத்தில் மோதுகிறோமோ அதற்கு ஏற்றபடி முடிவு மாறும். பன்னிரண்டுக்கும் மேல் முடிவுகள் இருப்பதால், எதைப் பார்த்துவிட்டோம் என்று மருமகள் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்கிறாள். நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பார்த்ததையே மறுபடி பார்க்க வேண்டிவரும். வருகிற ஞாயிறு ஃப்ராக்கின் கதை முடிவதற்கு முன்னாலேயே லாவோஸிடம் போவதாகத் திட்டம். அண்ணன் சென்னையிலிருந்து வருகிறான், கன்ட்ரோலரை முதலில் யார் பிடிப்பது என்று இப்போதே மருமகளோடு போனில் பேரம் நடக்கிறது.